மாற்று இதயமும் ஒரு சின்னக் காய்ச்சலும்

ஆசிரியருக்கு,

இதய மாற்று அறுவை சிகிச்சை பற்றிய செய்திகள் எல்லாம் 'நலமுடன் வீடு திரும்பினார்' என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. மாற்று உறுப்பு வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கவலையில் பாதி அந்த வரிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

1967 டிசம்பரில் கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டிடம் மாற்று இதயம் பெற்ற லூயிஸ் வாஷ்கன்ஸ்கி 18 நாள்தான் இருந்தார். இதயம் நன்றாகவே துடித்தது. உயிரைக் கொண்டுபோனது நிமோனியா. உடல் இதயத்தை ஏற்க மறுக்கிறதோ என்று எண்ணி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கூட்டியிருந்தார்கள். களைப்பும் மூச்சிரைப்பும் வந்தால் அது நிராகரிப்பா, கிருமியா என்ற திண்டாட்டம் இன்றும் உண்டு. ஒன்றுக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், மற்றதற்குப் பெரும்பாலும் குறைக்க வேண்டும்.

முதல் மாதத்தில் தையல் புண், நரம்பில் போட்ட குழாய் என்று மருத்துவமனைக் கிருமிகள். அதன்பின் ஆறு மாதம் வரை சைட்டோமெகாலோ வைரஸ், நுரையீரல் பூஞ்சை போன்றவை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இதயத் தசைக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும். தானமாக வந்த இதயத்தோடு அதுவும் வந்துவிடலாம். வால்கான்சிக்ளோவிரும் கோட்ரைமாக்ஸசோலும் இவற்றைத் தடுக்கத்தான். 'நல்லாத்தானே இருக்கார், எதுக்கு இத்தனை மாத்திரை?' என்று நிறுத்திவிடும் உறவினர்களிடம் நான் போடாத சண்டை இல்லை.

எதிர்ப்பாற்றலை அடக்க ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் கொதிக்காது. பெரிய தொற்றுகூட லேசான சூடாக, வறட்டு இருமலாகத்தான் தலைகாட்டும். அதைச் சாதாரணம் என்று நம்பி மருந்துக் கடையில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால், எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ அந்த அளவை அடியோடு இறக்கி நிராகரிப்புக்கு வழிவிடும். நல்ல மருந்துகள்தான், இவர்களுக்குக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் கூடவே கூடாது. ஃப்ளூ ஊசி போடலாம், வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த முறை இப்படிப்பட்ட செய்தி போடும்போது, 'காய்ச்சல் 100 டிகிரியைத் தொட்டால் முதலில் மாற்று சிகிச்சைக் குழுவுக்கு போன் செய்யுங்கள், நடுராத்திரியானாலும்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். மருத்துவர்கள் வரிசையாக நிற்கும் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்