லிஸ்பனை நடந்து பார்க்க

அன்பு மகள் தேன்மொழிக்கு,

சித்தப்பாவும் சித்தியும் உன்னிடம் வரப்போகிறார்கள், அவர்களுக்கு என்னத்தைக் காட்டுவது என்று நீ முழித்துக்கொண்டிருக்கிறாய் என்று உங்கம்மா சொன்னாள். ஆபீஸ், வீடு, மெட்ரோ தவிர லிஸ்பனில் உனக்கு வேறெதுவும் தெரியாது என்பது நான் அங்கே வந்திருந்தபோதே தெரிந்ததுதான். நீ வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் சுற்றியவன் நான். அதனால் வழி சொல்கிற உரிமை எனக்கு உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியிலேயே விட்டுவிடுவாய் என்றுதான் இப்படிக் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில், அவர்களை 28-ஆம் நம்பர் டிராமில் ஏற்றிவிடாதே. கூட்டத்தில் நின்றுகொண்டு அடுத்தவர் முதுகைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆற்றங்கரையில் மஞ்சள் கட்டடங்கள் சூழ்ந்த அந்தப் பெரிய சதுக்கத்திலிருந்து தொடங்கு. அதற்கு பிராசா டு கொமேர்சியோ என்று பெயர் வைத்துப் பல தலைமுறை ஆகியும், ஊர்க்காரர்கள் இன்னும் அரண்மனை முற்றம் என்றுதான் சொல்கிறார்கள். அரண்மனை எங்கே என்று தேடாதே. 1755 நவம்பர் 1, காலை ஒன்பதரை மணிக்கு மேல், புனிதர் அனைவர் திருநாள், கோயில்களெல்லாம் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி ஆடியது. தப்பித்தவர்கள் திறந்த இடம் பார்த்து ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உள்வாங்கி, பிறகு மலைபோல் வந்தது. 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிச்சமிருந்ததைத் தீ பிடித்து நாள் கணக்கில் எரித்தது. அரண்மனையும் அதற்குள்ளிருந்த பெரிய நூலகமும் போயின. பக்கத்தில் ராஜா ஆசையாகக் கட்டிய இசை நாடக அரங்கம் திறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, அதுவும் போயிற்று. அதற்குப் பிறகு ராஜா ஜோசே கல் கூரைக்குக் கீழே தங்கவே மாட்டேன் என்று சொல்லி, அஜூடா குன்றில் மரத்தாலும் துணியாலும் ஒரு கொட்டகை அரண்மனை போட்டுக்கொண்டு கடைசிவரை அங்கேயே இருந்தார். சதுக்கத்தின் நடுவில் குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

சதுக்கத்தின் வடக்கே இருக்கும் பெரிய வளைவுக்குள் நுழைந்து, பாய்ஷா என்கிற தாழ்வான நகர்ப்பகுதியின் தெருக்களில் நட. உனக்கு இது கடைத்தெரு. ஆயுசு முழுக்கச் சிமெண்டும் கம்பியுமாக இருந்த எனக்கு, அந்த ஊரிலேயே பார்க்க வேண்டிய இடம் இதுதான். நூல் பிடித்த மாதிரி தெருக்கள், ஒரே உயரம், ஒரே ஜன்னல். இடிந்த ஊரை எப்படித் திரும்பக் கட்டலாம் என்று தலைமைப் பொறியாளர் மனுவேல் ட மாயா வழிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார். அப்போது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. பழையபடியே கட்டுவதா, தெருவை மட்டும் அகலப்படுத்துவதா, எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிப் புதிதாகப் போடுவதா, ஊரையே பெலேம் பக்கம் நகர்த்துவதா? தரைமட்டமாக்கிப் போடுவது என்று முடிவானது. முடிவெடுத்தவர் மந்திரி பொம்பால்.

அந்தச் சுவர்களுக்குள் ஒரு மரக்கூடு இருக்கிறது. நிற்கும் கட்டை, படுக்கும் கட்டை, குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இரண்டு கட்டை. இடைவெளியில் கல்லையும் சுண்ணாம்பையும் அடைத்துப் பூசிவிட்டார்கள். மறுபடி பூமி ஆடினால் கல் உதிர்ந்தாலும் கூடு வளைந்து கொடுத்து நிற்கும், உள்ளே இருப்பவன் பிழைப்பான் என்பது கணக்கு. ஒரு மாதிரிக் கூட்டைச் சதுக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் சிப்பாய்களைக் காலால் உதைத்து நடக்கவிட்டு ஆட்டிப் பார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். பின்னால் வந்த கடைக்காரர்கள் இடம் போதவில்லை என்று சில கட்டடங்களில் அந்தச் சுவர்களையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். தூணை இடிக்கிற வீட்டுக்காரர் எல்லா ஊரிலும் உண்டு போல.

அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டுமா? ருவா டஸ் கொர்யேய்ரஸ் தெருவில் ஒரு வங்கிக்கு அடியில் இறங்க வேண்டும். முன்பதிவு செய்துகொண்டு போனால் வழிகாட்டி ஒருவர் கூட்டிப்போவார். பாய்ஷா முழுக்க ஆற்று வண்டல். அதனால் பைன் மரக் கட்டைகளை நெருக்கமாக அடித்து, அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாகியும் கட்டைகள் அப்படியே நிற்கின்றன. தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கும்வரை மரம் மக்காது. நிலத்தடி நீர் இறங்கினால்தான் ஆபத்து. அதே குழியில் இன்னும் கீழே ரோமானியர் காலத்துத் தொட்டிகள் இருக்கின்றன. மீனை உப்புப் போட்டு ஊறவைத்து, ஜாடிகளில் அடைத்துக் கப்பலேற்றியிருக்கிறார்கள். தூத்துக்குடிக்காரியான சித்திக்குக் கருவாட்டுத் தொட்டியை யாரும் விளக்க வேண்டாம்.

பொம்பால் இன்னொரு காரியமும் செய்தார். ஒவ்வொரு பங்குச் சாமியாருக்கும் ஒரு கேள்வித்தாள் போனது. எவ்வளவு நேரம் ஆடியது, பின்னால் எத்தனை முறை ஆடியது, கடல் முதலில் உள்வாங்கியதா பொங்கியதா, எத்தனை வீடு, எத்தனை உயிர். கடவுளின் கோபம் என்று பிரசங்கம் நடந்துகொண்டிருந்த ஊரில் ஒரு ஆள் அளவு கேட்டிருக்கிறார். வந்த பதில்கள் இன்றைக்கும் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சரி, அப்படியே ரோஸியு சதுக்கம் வரை நட. அலை அலையாகக் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த தரையைப் போட்டோ எடுக்கட்டும், ஆனால் மழை பெய்திருந்தால் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொள், எண்ணெய் கொட்டின மாதிரி வழுக்கும். எதிரே தூண்கள் வைத்த தேசிய நாடக அரங்கம் தெரியும். அந்த இடத்தில்தான், கத்தோலிக்க மதத்திலிருந்து விலகியதாகச் சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து விசாரித்துத் தண்டித்த மதவிசாரணை மன்றத்தின் மாளிகை இருந்தது. 1536-இல் ஆரம்பித்து 1821 வரை நடந்தது அந்த மன்றம்.

அதன் பக்கத்திலேயே சாவ் டொமிங்குஸ் கோயில். உள்ளே போய்த் தூணைத் தொட்டுப் பார்க்கச் சொல். 1959 தீயில் வெந்து, தோல் உரிந்த மாதிரி விளிம்பெல்லாம் உதிர்ந்த கல். புதுப்பித்தபோது அந்தக் காயங்களை மூடாமல் விட்டுவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கோயிலின் பெரிய காயம் வேறு. 1497-இல் யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவ மதத்துக்கு மாற்றியிருந்தார்கள். 1506 ஏப்ரலில், வறட்சியும் கொள்ளைநோயுமாக இருந்த சமயம், சிலுவையில் ஒளி தெரிகிறது, அற்புதம் என்று இங்கே கூட்டம் கூடியது. அப்படி மதம் மாற்றப்பட்ட ஒருவர், அது சும்மா வெளிச்சம்தானே என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அவரை வெளியே இழுத்துப்போய்க் கொன்றார்கள். அடுத்த சில நாட்களில் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் பேர் வரை கொல்லப்பட்டதாகக் கணக்கு. வாசலில் தாவீதின் நட்சத்திரம் பதித்த ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அது வந்தது 2008-இல்தான்.

லிஸ்பனில் எனக்கு உறுத்திய விஷயம் இதுதான். ஊருக்கு நடந்த கொடுமை ஒவ்வொரு சுவரிலும் எழுதியிருக்கிறது. ஊர் செய்த கொடுமைக்கு முழங்கால் உயரக் கல்தான். போசு டஸ் நெக்ரஸ் என்று ஒரு தெரு உண்டு. செத்துப்போன அடிமைகளை ஊருக்கு வெளியே வீசிவிடுகிறார்கள், நாற்றம் தாங்கவில்லை என்று 1515-இல் ராஜா மனுவேல் ஒரு குழி வெட்டச் சொன்னார். அந்தக் குழியின் பெயரைத்தான் தெரு தாங்கிக்கொண்டிருக்கிறது. நீ சாப்பிடக் கூட்டிப்போன கடைக்குப் பக்கத்துத் தெரு அது.

மத்தியானத்துக்கு மேல் கார்மோ. 1755-இல் கூரை விழுந்த மடம், அப்படியே வானத்துக்குத் திறந்து நிற்கிறது. வாசலில் இருக்கிற சின்னச் சதுக்கத்தில் உட்கார மரநிழல் உண்டு. 1974 ஏப்ரல் 25 அன்று கடைசி சர்வாதிகாரி மார்செலோ கயித்தானு ஒளிந்திருந்தது இங்கே இருக்கும் காவல்படைத் தலைமையகத்தில். கேப்டன் சல்கெய்ரு மாயா வண்டிகளோடு வந்து வளைத்துக்கொண்டார், ஜனம் மரத்தின் மேலெல்லாம் ஏறி நின்றது, சாயங்காலம் ஆட்சி கைமாறிவிட்டது. 1926-இலிருந்து இருந்த சர்வாதிகாரம் ஒரே நாளில் முடிந்தது.

எதிர்க் குன்றில் கதீட்ரல். அதன் பக்கத்திலேயே அல்ஜூபே, அந்த ஆட்சியின் அரசியல் கைதிகளை அடைத்த சிறை. 2015 முதல் அருங்காட்சியகம். கோட்டையைவிட இதைப் பார்க்கச் சொல்வேன். கோட்டை நன்றாகத்தான் இருக்கிறது, மயில்கூட உண்டு, ஆனால் இன்று தெரியும் கொத்தளங்களில் பாதி 1940 விழாவுக்காக அந்த ஆட்சியே தூக்கிக் கட்டியது. பிறகு அல்ஃபாமா படிகளில் இறங்குங்கள். பாறைமேல் உட்கார்ந்த பகுதி என்பதால் பூகம்பத்தில் அவ்வளவாக அழியவில்லை. அங்கே வழி சொல்ல மாட்டேன், எப்படி இறங்கினாலும் ஆற்றங்கரைக்குத்தான் வந்து சேர்வாய்.

பெலேம் இன்னொரு நாள். ஜெரோனிமுஸ் மடத்தில் வாஸ்கோ ட காமா கல்லறை. கொச்சியில் 1524-இல் செத்தவரை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வரிசை பெரிதாக இருந்தால் விட்டுவிடு. அதற்குப் பதில் முட்டைத் தார்ட் கடைக்குப் பக்கத்தில் ஒரு முடுக்குக்குள் போய், ஐந்து வளையம் போட்ட கல்தூணைப் பார். ராஜாவைக் கொல்லப் பார்த்ததாக 1759-இல் தாவோரா குடும்பத்தையும் அவைரு பிரபுவையும் பொம்பால் கொன்று தீர்த்தார். பிரபுவின் மாளிகையை இடித்து, மண்ணில் உப்பைத் தூவி, இனி இங்கே எதுவும் எழும்பக் கூடாது என்று நட்ட தூண் அது. கேள்வித்தாள் அனுப்பிய அதே மந்திரிதான்.

இன்னொன்று, நம் கடற்கரைக்கும் அந்த ஊருக்கும் ஒரு நூல் ஓடுகிறது. தமிழ் முதன்முதலில் அச்சேறியது லிஸ்பனில்தான், 1554-இல், தமிழை ரோமன் எழுத்தில் எழுதிய ஒரு ஜெபப் புத்தகம். முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்காகப் போட்டது. தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வந்தது 1578-இல். லிஸ்பன் பிரதி பெலேமில் இருக்கிற தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போ.

சித்தியின் முழங்காலுக்காக இரண்டு யோசனை. கார்மோவுக்குப் போக சாந்தா ஜுஸ்தா லிஃப்ட் வரிசையில் நிற்காதே, ஷியாடு பக்கமாகப் போனால் ஏற்றம் குறைவு. கோட்டைப் பக்கம் ஏற, ஃபன்கெய்ரஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் மாநகராட்சி லிஃப்ட் இருக்கிறது, காசு இல்லை. அவர்கள் பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். மக்ரூனும் சாம்பார் பொடியும் கொடுத்துவிடுகிறாள் உங்கம்மா, வேறென்ன வேண்டும் என்று இந்த வாரத்துக்குள் சொல். கருவாடு மட்டும் கேட்காதே.

அன்புடன்,
அப்பா