வண்டி மீட்டர் ஓட்டை விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு

அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். "வடசேரியில மீட்டருக்குள்ள பனி புடிச்சிருக்குன்னு குடுத்தேன், அடியில ஓட்டை போட்டுத் தந்திருக்கான்" என்று. பேசியவர் யாரென்று தெரியும், சொல்ல மாட்டேன். அவரும் நம் கடைக்கு வந்துபோகிறவர்தான்.

அந்த ஓட்டை நாங்கள் போட்டதில்லை. மீட்டர் செய்யும்போதே விடுவது. மீட்டர் என்ன, மூடி இறுக்கிய ஊறுகாய் பாட்டிலா? வெயிலில் நிற்கும் வண்டியில் உள்காற்று சூடேறி விரிந்து வெளியே போகும். திடீரென்று மழை விழுந்தால் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வழி இல்லாவிட்டால் எங்கே இழுக்கும்? கிளாஸ் வந்து சேருகிற விளிம்பில்தான். மழைத் தண்ணீர் தேங்கி நிற்பதும் அங்கேதான். அதற்காகத்தான் அடிப்பக்கம் ஒரு சின்ன வழி. புது டிஜிட்டல் மீட்டர்கள் சிலவற்றில் அதன்மேல் காற்று மட்டும் போகிற மெல்லிய வட்டம் ஒன்று ஒட்டியிருக்கும்.

ஆடியோக்காரர் மீட்டரில் அந்த வழியை யாரோ எம்சீல் வைத்து அடைத்திருந்தார்கள். சுரண்டி எடுத்தது நான்தான். கிளாஸ் முழுக்க உள்பக்கம் கடுகு கடுகாய்த் துளி, முள்ளின் அடியில் துரு. அடைப்பை எடுத்ததும் ஓட்டை தெரிந்தது, பழி என்மேல் விழுந்தது. சந்தேகம் இருப்பவர்கள் விரலால் தடவிப் பாருங்கள். டிரில் போட்டால் பிசிறு நிற்கும். இதன் விளிம்பு அச்சில் வார்த்த மாதிரி வழவழவென்று இருக்கும். 22 வருஷமாக இதே தொழில். ஓட்டை போட்டுப் பிழைக்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை.

நம் ஊருக்கு ஆனி ஆடியிலும் சாரல், ஐப்பசி கார்த்திகையிலும் மழை. காலையில் லேசாகப் பனி படிந்து, பத்து நிமிஷம் ஓட்டியதும் போய்விட்டால் அது கோளாறே இல்லை. அப்படி வந்த எத்தனையோ பேரைக் காசு வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் வரை நின்றால்தான் பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு இது வாட்டர் சர்வீஸில் வருகிற வினை. மீட்டருக்கு நேராகப் பிரஷர் அடிக்காதே என்று பையனிடம் சொல்லுங்கள், அல்லது ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டிவிடுங்கள்.

பனி புடிச்ச மீட்டரைச் சரிசெய்ய இரண்டு நாள் ஏன் என்கிறார்கள். ஹேர் டிரையர் பிடித்தால் துளி மறையும். ஈரம் உள்ளேயேதான் சுற்றும். நாங்கள் திறந்து, போர்டைத் துடைத்து, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வைக்கிறோம். ஈரம் குடித்து நீல மணி ரோஸ் ஆனால் மாற்றிப்போட்டு இன்னொரு ராத்திரி. பிறகுதான் கிளாஸ் விளிம்பை அடைக்கிற புது கேஸ்கெட். அதுவரை மீட்டர் இல்லாமல்தான் ஓட்ட வேண்டியிருக்கும். கிலோமீட்டரை உங்கள் கண்முன்னே போட்டோ எடுத்து பில்லில் எழுதித் தருகிறோம், அதில் கை வைப்பதில்லை.

குலசேகரத்திலிருந்து ரப்பர் பால் வாடையோடு வருகிறவர்கள், குளச்சல் உப்புக்காற்றில் ஓட்டுகிறவர்கள், ஆடியோவைக் கேட்ட பிறகும் "அண்ணாச்சி, நம்ம வண்டியையும் பாருங்க" என்று சாவியை நீட்டியவர்கள் எல்லோரையும் மறக்க மாட்டேன். ரொம்ப நன்றி.

கூலி இந்த மாதம் முதல் 450 ரூபாய், முன்பு 350. கேஸ்கெட், பசை எல்லாம் விலை ஏறிவிட்டது. கார்த்திகை முதல் வாரத்தில் வாங்கிப்போன சில மீட்டர்களில் புதுப் பையன் வேறு சிலிக்கான் பசையை ஒட்டிவிட்டான். கிளாஸ் ஓரம் வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடித்தால் கொண்டு வாருங்கள், சும்மாவே மாற்றித் தருகிறேன்.

ஞாயிறு மத்தியானம் வரை கடை உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மீட்டர் கடைக்காரன், வடசேரி, நாகர்கோவில்