இன்சூரன்ஸ் கட்டாயமா இல்லையா, எந்த ஸ்டேட்டுன்னு கேட்டு சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ் கேள்வி பதில்ல, அமெரிக்காவுல ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கறது இப்ப கட்டாயம் இல்லன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. பாதி சரி. மீதி பாதியில தான் நான் மாட்டினேன், அதான் எழுதறேன்.

ஒபாமா 2010ல கையெழுத்து போட்ட ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டத்துல, எல்லாரும் இன்சூரன்ஸ் வச்சிருக்கணும்ங்கற விதி 2014ல வந்துச்சு, 2016 கணக்குப்படி இல்லாதவங்களுக்கு தலைக்கு 695 டாலர் இல்லன்னா வருமானத்துல ரெண்டரை பர்சென்ட், எது அதிகமோ அது. 2017 கடைசியில ட்ரம்ப் டாக்ஸ் சட்டம் வந்தப்ப அந்த அபராதத்தை ஜீரோ ஆக்கிட்டாங்க, 2019ல இருந்து அமல். விதியை எடுக்கல சார், தொகையை தான் அழிச்சாங்க. அதனால சட்டத்துல இன்னும் அந்த வரி இருக்கு, கேக்கத்தான் ஆள் இல்ல.

ஆனா இது ஃபெடரல், அதாவது மத்திய அரசு கதை. நான் டெக்சாஸ்ல இருந்துட்டு நியூ ஜெர்சி வந்தவன், அங்க இதை யாரும் கேட்டதே இல்ல. இங்க வந்து வேலை மாறினப்ப, பழைய கம்பெனி இன்சூரன்ஸ் பிளானை கோப்ரால (வேலையை விட்ட பிறகும் அதே பிளானை கொஞ்ச காலம் வச்சுக்க விடற சட்டம்) தொடரலாம்னாங்க, கம்பெனி கட்டிட்டிருந்த பங்கையும் நாமளே கட்டணும்னு தெரிஞ்சதும் சரி அபராதம் தான் இல்லையேன்னு அஞ்சு மாசம் சும்மா இருந்துட்டேன். டாக்ஸ் ஃபைல் பண்றப்ப தான் விஷயமே தெரிஞ்சுது. எந்தெந்த மாசம் இன்சூரன்ஸ் இருந்துச்சுன்னு காட்டற 1095 ஃபார்ம்ல மாசத்துக்கு ஒரு குட்டி கட்டம் இருக்கும், என்னோடதுல ஏழுல டிக், அஞ்சு காலி. மூணு மாசத்துக்கு கம்மியா விட்டிருந்தா மன்னிச்சிருப்பாங்களாம்! அஞ்சுக்கும் சேர்த்து ஸ்டேட் டாக்ஸ்ல தீட்டிட்டாங்க.

நியூ ஜெர்சி மட்டும் இல்ல, கலிபோர்னியா, ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டிசி எல்லாம் சொந்தமா அபராதம் வச்சிருக்காங்க, மாசசூசெட்ஸ் ஒபாமாவுக்கும் முன்னாடி 2006லயே சட்டம் போட்ட ஊரு. வெர்மான்ட் இன்னும் வேடிக்கை, விதி இருக்கு அபராதம் இல்ல. நம்ம ஜனங்க கூட்டமா இருக்கற நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் இந்த லிஸ்ட்ல இருக்கறப்ப 'கட்டாயம் இல்ல'ன்னு பொத்தாம் பொதுவா போட்டா எப்படி சார்?

இன்னொண்ணு, நினைச்ச நேரத்துல போய் வாங்கவும் முடியாது, நவம்பர் 1ல ஓபன் என்ரோல்மென்ட், அதாவது யார் வேணா பிளான் வாங்கற சீசன் தொடங்கும், அதை விட்டா வேலை போறது, கல்யாணம், குழந்தைன்னு ஏதாவது காரணம் காட்டணும், அதுக்கும் 60 நாள் தான் டைம். வேலை மாறினப்ப பழைய இன்சூரன்ஸ் போனதே எனக்கு காரணம் தான், அந்த 60 நாளை யோசிச்சே ஓட்டிட்டேன். நவம்பருக்கு முன்னாடி ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு நியூ ஜெர்சி வாசகர்