செல்லூரில் எங்கள் தெருத் தண்ணீரை வடித்தவர்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

பந்தல்குடி வாய்க்காலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நெசவாளி எழுதுகிறேன். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் உங்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அதனால் ஒவ்வொருவர் முகமாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்துக் காட்டினால் போதும்.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் பிடித்த மழை, சாதாரண ஐப்பசி மழை மாதிரி இல்லை. கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்த்தது. அன்று மதுரையில் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் பெய்ததாகப் பிறகு சொன்னார்கள். செல்லூர் கண்மாய் மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்குப் போக வேண்டும். வாய்க்கால் தளும்பிவிட்டால் எங்கள் தெருச் சாக்கடை வடிய இடமில்லை. போன வழியிலேயே திரும்பி வரும். வந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையோடு தரையாக உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதிக்க வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். என் அப்பா தோண்டிய குழி. அதில் கறுப்புத் தண்ணீர் ஏறி, மிதிகள் மிதந்ததை நின்று பார்த்தேன். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய சேலை பாதியில் இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்கிக் கட்டினோம், ஆனாலும் கீழ்ப் பக்கம் நனைந்துவிட்டது.

மின்வாரியத் தம்பி ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து எங்கள் பக்கத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனார். விசைத்தறி வீடுகள் வரிசையாக இருக்கும் தெரு இது. அவர் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. தம்பி, உங்களுக்கு முதல் நன்றி.

இருட்டிய பிறகு மாநகராட்சி வண்டியில் டீசல் மோட்டாரோடு நீங்கள் ஆறு பேர் வந்தீர்கள். ஐந்து ஆண்கள், ஒரு அக்கா. ஆனால் எங்கள் தெருவில் மோட்டாரை இறக்கவில்லை. முதலில் வாய்க்கால் பக்கம் போய் ஆகாயத்தாமரையையும் குப்பையையும் இழுத்துப் போட்டீர்கள். எங்கள் ஆட்கள் சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன். அப்போது உங்கள் ஆறு பேரோடு கூட வந்த பொறியாளர் அம்மா, வயதில் என் மகள் மாதிரிதான் இருப்பார், மழையில் நனைந்தபடியே சொன்னார்: "ஐயா, கீழ வாய் தொறக்காம மேல மோட்டார் போட்டா, உங்க தண்ணி அடுத்த தெரு வீட்டுக்குள்ள போகும். அது வேணுமா?" அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

கனடாவில் இருக்கும் என் தம்பி மகளிடம் மறுநாள் போனில் இதைச் சொன்னேன். அவள் ஊரிலும் பனி கொட்டினால் இப்படித்தானாம். முதலில் பெரிய சாலை, அடுத்தது பேருந்து போகும் சாலை, குடியிருக்கும் தெரு கடைசியில்தான். பனி தள்ளும் வண்டி வரும் நேரத்தில் தெருவில் காரை நிறுத்தியிருந்தால் வேலை நடக்காது, எடுத்துவிட வேண்டும். உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்களாம். குளிர் ரொம்ப இறங்கிவிட்டால் சாதாரண உப்பு வேலை செய்யாது, வழுக்காமல் இருக்க மணல் போடுவார்களாம். "வீட்டுக்கு முன்னாடி நடைபாதைப் பனிய நாங்கதான் பெரியப்பா அள்ளணும்" என்றாள். அது எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்றால், முந்தின ராத்திரி என் வீட்டு வாசலில் நடந்தது அப்படி.

வாய்க்கால் பக்கம் வழி விட்ட பிறகும் எங்கள் தெருவில் ஒரு பாதி வடியவில்லை. கடப்பாறை வைத்திருந்த அண்ணன் சாக்கடையில் குத்திக்கொண்டே வந்து என் வாசலில் நின்றார். பைக் ஏற்றுவதற்காகச் சாக்கடையை மூடி நான் போட்ட சிமெண்டுச் சரிவு. "அண்ணே, இத ஒடைச்சாத்தான் தண்ணி போகும். சொல்லுங்க" என்றார். நீங்களாகவே உடைத்திருக்கலாம், உங்களுக்கு அதிகாரம் இருந்தது. என்னைக் கேட்டீர்கள். நான் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இப்போதும் வருந்துகிறேன். அப்புறம் உடைக்கச் சொன்னேன்.

அடியில் இருந்து வந்தது நூல். பல வருடமாகத் தறியடியில் பெருக்கி நாங்கள் சாக்கடையில் தள்ளிய வேஸ்ட் நூல். அது கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, பாலித்தீன் பை, தெர்மாகோல், வண்டல் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. சேறு மட்டும் என்றால் தண்ணீர் வேகத்தில் கரைந்து போயிருக்கும், நூல் கரையாது. அக்கா, நீங்கள் குனிந்து அதைப் பிடித்து இழுத்தீர்கள். கையுறையோடு பிடி கிடைக்கவில்லை என்று கழற்றி வைத்துவிட்டு வெறும் கையால் இழுத்தீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கொக்கி ஒன்று எடுத்து வந்து கொடுத்திருக்கலாம், என் வீட்டிலேயே இருந்தது. உங்கள் விரலில் நூல் அறுத்த கோட்டை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.

"இது உங்க தறி நூல்தானேண்ணே?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். வேறொன்றும் சொல்லாமல் அடுத்த பிடியை இழுத்தீர்கள். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அது முடிய முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிச் சிக்கு வந்ததும் தெருத் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கிய சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு என் மனைவி அழுதுவிட்டாள்.

டீக்கடை அண்ணன் ராத்திரி முழுக்க அடுப்பை அணைக்கவில்லை, காசும் வாங்கவில்லை. பின் தெரு இளவட்டங்கள் தனியாக இருந்த இரண்டு பாட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் மாடி வீட்டில் படுக்க வைத்தார்கள். எல்லோருக்கும் நன்றி.

சாலை போட்டவர்களையும் விடக் கூடாது. தண்ணீர் வடிந்ததும் தெரு முழுக்கப் பள்ளம். வெடிப்பு வழியாகத் தண்ணீர் தாருக்கு அடியில் இறங்கி மண்ணை இளக்கிவிடுகிறது. மேலே வண்டி ஏற ஏற அந்த மண் வெளியேறி, தார் உள்ளே இறங்கிவிடுகிறது. உடனே தார் போடுங்கள் என்று கேட்டோம். ஈரத்தில் போட்டால் ஒட்டாது, பத்து நாளில் பெயரும் என்று சொல்லி, அப்போதைக்கு ஜல்லிக் கலவை கொட்டி இறுக்கிவிட்டுப் போனீர்கள். மழை விட்டு மார்கழியில் வந்து, பள்ளத்தின் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, தூசி போகக் கூட்டி, அப்புறம்தான் தார் ஊற்றினீர்கள். தெருக்கோடியில் முழுசாகப் போட வேண்டிய இடத்தில் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே போட்டீர்கள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று 2021-லேயே அரசு உத்தரவு இருக்கிறது. அடுக்கு மேல் அடுக்காகப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போனால் எங்கள் வீடுகள் பள்ளத்துக்குள் போய்விடும். மேஸ்திரி அண்ணன் மட்டக்கோல் வைத்து என் வாசற்படியை இரண்டு தடவை அளந்து பார்த்ததை மறக்க மாட்டேன்.

இப்போது என் வாசலில் சிமெண்டுச் சரிவு இல்லை. தூக்கி எடுக்கிற மாதிரி இரும்புக் கம்பிச் சட்டம் போட்டிருக்கிறேன். எங்கள் வரிசையில் ஒன்பது வீட்டுக்காரர்கள் அப்படியே மாற்றிவிட்டார்கள். வேஸ்ட் நூலைத் தனிச் சாக்கில் கட்டி வைக்கிறோம், பழைய துணி வியாபாரி எடுத்துக்கொள்கிறார்.

குழி காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. காய்ந்ததும் முதலில் ஏற்றிய பாவில் ஐந்து துண்டும், பச்சையில் சிவப்புக் கரை வைத்து ஒரு சேலையும் நெய்து எடுத்து வைத்திருக்கிறேன். அக்காவுக்கு வேறு வார்டில் வேலை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எந்த வார்டு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். இல்லை, இந்தப் பக்கம் வந்தால் டீக்கடையில் கேளுங்கள் அக்கா, வீட்டைக் காட்டுவார்கள்.