கண்ணாடிகள் திரும்பி வந்துவிட்டன: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நேற்றுக் காலை மண்டபத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்களின் கடைசிச் சட்டமும் தன் இடத்தில் ஏறியது. படிக்கட்டில் நீலமும் சிவப்பும் மறுபடி விழுகின்றன. மண்டபத்தின் பூச்சு வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. ஆனாலும் இந்த நன்றியைத் திறப்பு விழாவரை தள்ளிப்போட மனமில்லை. விழாவில் மாலையெல்லாம் மேடையில் இருப்பவர்களுக்கே போய்விடும். சாரத்தில் நின்றவர்களை யார் தேடப்போகிறார்கள்?

முதல் நன்றி, வேலையை நிறுத்தச் சொன்ன கண்ணாடிக் கலைஞருக்கு. ஜன்னல்களைப் பலகையால் மூடிவிட்டுச் சுவரைத் துளைப்பது என்று முடிவாகியிருந்தது. ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். துளைப்பான் ஓடும்போது அவர் எங்களை ஒவ்வொருவராக அழைத்து, கண்ணாடிமேல் விரல்நுனியை வைக்கச் சொன்னார். அதிர்வு விரலில் ஏறியது. வண்ணத் துண்டுகளைக் கோத்துப் பிடிக்கும் ஈயப் பட்டை நூறாண்டு வெயிலும் காற்றும் பட்டுத் தளர்ந்திருக்கிறது, அதற்குள் துண்டுகள் ஆடினால் விளிம்பு உடைந்துவிடும் என்றார். அன்று மாலையே துளைப்பது நின்றது. அட்டவணை குலைந்தும் முகம் சுளிக்காத பொறியாளருக்கு நன்றி. (கொஞ்சம் சுளித்தார்.)

கழற்றுமுன் ஒவ்வொரு சட்டத்தின்மீதும் தாளை விரித்து, மெழுகுக்கட்டியால் தேய்த்து ஈயக் கோடுகளைப் படியெடுத்தார்கள் இரண்டு மாணவர்கள். கோக்கும்போது ஒரே மாதிரியான இரண்டு பச்சைத் துண்டுகள் இடம் மாறிப்போக, காட்டிக்கொடுத்தது அந்தத் தாள்தான்.

ஈயத்தை மாற்றுவது வீண்செலவு என்று ஒரு முணுமுணுப்பும் இருந்தது. 1984-இல் இங்கிலாந்தின் யார்க் பேராலயம் தீப்பற்றியபோது, அதன் ரோஜா வடிவ ஜன்னலில் சுமார் 40,000 விரிசல்கள். ஆனாலும் துண்டுகள் உதிரவில்லை; அதற்கு முன்பே புதுப்பிக்கப்பட்டிருந்த ஈயம் பிடித்துக்கொண்டது. கலைஞர் இதைச் சொன்னபிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

சுத்தம் செய்த அம்மையாருக்கு என்ன சொல்வது? சோப்பு, அமிலம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். ஒன்றையும் அவர் காதில் வாங்கவில்லை. கண்ணாடியில் வரைந்த முகங்களில் உள்ள கோடுகள், உலோக ஆக்சைடையும் கண்ணாடித் தூளையும் குழைத்துத் தீட்டிச் சூளையில் சுட்டவை. சூடு போதாமல் வெந்த இடத்தைத் தேய்த்தால் அழுக்கோடு கோடும் வந்துவிடும். பஞ்சும் தூய நீருமாக, உள்ளங்கையளவு முகத்துக்கு ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொண்டார். முதியவரின் தாடியில் கோடுகள் பிடிப்பற்றிருந்ததால் அங்கே கை வைக்கவே இல்லை. புகைக்கறை இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். பின்பக்கத்து மஞ்சளை அழுக்கென்று நினைத்துத் துடைக்கப் போனவன் நான். வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டால் வரும் நிறமாம் அது, 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பாவில் இருக்கும் உத்தி. என் கையைத் தட்டிவிட்டதற்குத் தனி நன்றி.

படுக்கவைத்தால் சட்டம் தன் எடையிலேயே வளைந்துவிடும். நிறுத்தியே வைக்கும்படி பெட்டி செய்த தச்சருக்கும், நிறுத்தியே சுமந்தவர்களுக்கும், ஈயத்தூள் பறக்காமல் தினமும் ஈரத்துணியால் தரையைத் துடைத்த பணியாளர்களுக்கும் நன்றி.

வெளிப்புறத்தில் காற்று புக இடைவெளி விட்டு, காப்புக்கு வெறும் கண்ணாடியும் பொருத்தியாகிவிட்டது. முதல் பெருமழைக்கு மறுநாள் கசிவு பார்க்க வருவதாகக் கலைஞர் சொல்லியிருக்கிறார். அதுவரை வடக்குச் சாரத்தை யாரும் பிரிக்க வேண்டாம்.

நன்றியுடன்,
சீரமைப்புக் குழுவின் சார்பில்,
பலகையால் மூடினால் போதும் என்றவர்களில் ஒருவன்