டாக்டர், சட்டையைத் தூக்கிக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்

குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் மகள் பிறந்தபோதே வயிற்றிலும் முதுகிலும் பழுப்புத் திட்டுகள் இருந்தன. மச்சக்காரி என்று பாட்டிக்கு ஒரே பூரிப்பு. ஊசி போடப் போகும்போதெல்லாம் கேட்டோம், "பிறவி மச்சம்தாம்மா, விடுங்க" என்றார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். நாலரை வயதில் ஒரு கண் லேசாக விலகுகிறதே என்று கண் டாக்டரிடம் ஓடினால், அவர் கண்ணைப் பார்த்த கையோடு சட்டையையும் தூக்கிப் பார்த்து எண்ணினார். பதினொன்று. எம்ஆர்ஐ எடுத்தபோது கண் நரம்பில் கட்டி. நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1 என்ற பெயரையே அன்றுதான் கேட்டோம்.

சுமார் 3000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் மரபணுக் கோளாறு இது. "வீட்ல யாருக்காவது இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் நகர்ந்துவிடாதீர்கள், இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது.

நான் கேட்பது ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. ஒன்றரை வயது ஊசிக்கு வரும்போது திட்டுகளை எண்ணுங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது துவரம்பருப்பைவிடப் பெரியதாக ஆறு இருந்தால் சந்தேகப்படுங்கள். பால் கலந்த காபி நிறம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், அது வெள்ளைத்தோலைப் பார்த்து வைத்த பெயர் போல. நம் பிள்ளைகளின் நிறத்தில் அது டிகாஷன்.

இந்தப் பிள்ளைகளில் 100-க்கு 15 பேருக்குக் கண் நரம்புக் கட்டி வரலாம், பெரும்பாலும் ஏழு வயதுக்குள். ஒரு கண் மங்கினால் மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியுமா, இன்னொரு கண்ணை வைத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடி விளையாடும். என் மகளுக்குக் கீமோ ஏற்றினார்கள். கதிர்வீச்சு கொடுத்தால் பிற்பாடு வேறு கட்டிகள் கிளம்பும் ஆபத்து இவர்களுக்கு அதிகம் என்று தவிர்த்தார்கள். கட்டி வளரவில்லை, ஆனால் அந்தக் கண்ணில் போன பார்வை போனதுதான்.

அதற்காகப் பெற்றவர்களைப் பயமுறுத்தவும் வேண்டாம். இந்தக் கண் நரம்புக் கட்டிகளில் நிறைய எந்தத் தொந்தரவும் தராமல் அப்படியே கிடந்துவிடும். "வருஷத்துக்கு ஒருதரமாவது கண்ணைக் காட்டிடுங்க" என்று தடுப்பூசி அட்டையில் எழுதிக்கொடுத்தால் போதும்.

இளையவனுக்கு அடுத்த மாதம் ஒன்றரை வயது ஊசி. தொடையில் ஒரே ஒரு திட்டு இருக்கிறது, ஒன்று யாருக்கும் இருக்கலாமாம். நான் நாலு தடவை எண்ணிவிட்டேன். சரி, நீங்களும் ஒரு தடவை எண்ணுங்கள்.