சங்கிலியை விட்டுவிட்டுக் கதவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலைக்குப் போகிறவர்கள் நாயை மொட்டை மாடியில் நீளச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போகலாம் என்று சென்ற இதழில் வந்த யோசனை ஆபத்தானது. ராஜபாளையம், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவை எட்டு மாதத்தில் பின்னங்காலில் நின்றால் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு வரும்; புத்தி மட்டும் இன்னும் குட்டிதான். மூன்றடிக் கைப்பிடிச் சுவரை அது ஒரே தாவில் தாண்டிவிடும். சங்கிலி கொஞ்சம் நீளமாக இருந்தால் நாய் சுவருக்கு அந்தப் பக்கம் கழுத்து மாட்டித் தொங்கும். குட்டையாக இருந்தால் எதிலாவது சுற்றிக்கொண்டு வெயிலிலேயே மாட்டிக்கொள்ளும். நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. (முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அதைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்?)

அதற்குப் பதில் கீழே நிழலில் பத்தடிக்கு ஆறடி கம்பிவலை அடைப்பு ஒன்று போதும். உயரம் ஆறடி, மேலேயும் மூடியிருக்க வேண்டும். செயின் லிங்க் என்கிற பின்னல் கம்பிவலை வேண்டாம். கடித்துக் கடித்துப் பிரித்துவிடும், கோரைப்பல்லும் உடையும். 10 கேஜ் (சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமன்) வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். வலைக்கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் கீழ்த்தாடையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். வலையை இரும்புச் சட்டத்தின் உள்பக்கமாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் நாய் முட்ட முட்டப் பற்றவைத்த இடம் விட்டுப்போகும். வெட்டிய கம்பி முனைகளைக் கிரைண்டரில் தேய்க்காமல் பட்டறையிலிருந்து எடுத்து வராதீர்கள்.

பெரும்பாலும் கோளாறு கதவில்தான். வெளியே திறக்கும் கதவு, நடுவில் ஒரே தாழ்ப்பாள் என்று போட்டுவிடுகிறார்கள். நாய் கீழ் மூலையில் மூக்கை வைத்து நெம்பும், கதவு வளையும், தலை மட்டும் வெளியே வந்து, உடம்பு உள்ளே சிக்கிக்கொள்ளும். கதவு உள்பக்கம் திறக்கட்டும். அப்போது தள்ளும் வேகத்தைத் தாழ்ப்பாளுக்குப் பதில் நிலைச்சட்டம் தாங்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள் வையுங்கள். தாழ்ப்பாளை மூக்காலும் காலாலும் நகர்த்தக் கற்றுக்கொள்ளும் நாய்கள் உண்டு. அதனால் தாழ்ப்பாளின் துளையில் ஒரு கொக்கி வளையம் மாட்டுங்கள். பூட்டு வேண்டாம், தீப்பிடித்தால் பக்கத்து வீட்டார் திறக்க முடியாது.

தரை சொரசொரப்பான சிமென்டாக, தண்ணீர் ஓடும் சரிவோடு இருக்கட்டும். வழுவழு டைல்ஸில் வளரும் நாயின் இடுப்பு மூட்டுக்குக் கேடு. மண் தரை என்றால் தோண்டி வெளியேறும். மேலே வெறும் தகரம் போட்டால் உள்ளே அடுப்புதான். அதன்மேல் தென்னங்கீற்று வேயுங்கள். நாய்க்கு வியர்வை பெயருக்குத்தான். மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். காற்றோட்டமில்லாத இடத்தில் அதுவும் பலிக்காது.

கிளம்பும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். வலையில் பட்டையின் கொக்கி மாட்டினால் நாய் பயந்து முறுக்கும், மூச்சு முட்டும். 30 கிலோ நாய்க்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் ஒரு நாளைக்கு வேண்டும், கோடையில் இன்னும் அதிகம். பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கடித்து விழுங்கும். கவிழ்க்க முடியாத கல்தொட்டி நல்லது. மாங்கொட்டை, சோளக்கட்டை, காலுறை எதுவும் உள்ளே கிடக்கக் கூடாது. குடலை அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும்.

முதல் நாளே எட்டு மணி நேரம் அடைக்காதீர்கள். முதலில் கதவைத் திறந்து வைத்தே சோறு வையுங்கள். பிறகு சாப்பிடும் நேரம் மட்டும் மூடுங்கள், அப்புறம் பத்து நிமிடம், அரைமணி என்று கூட்டுங்கள். பழகிய பிறகும் இளம் நாயை நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் விடுவதென்றால், மதியம் யாராவது வந்து வெளியே விட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் எச்சில் வழிந்து, நகம் உடைந்து, வைத்த தீனியைத் தொடாமல் நிற்கிற நாய் உண்டு. அது சேட்டை செய்யவில்லை, தனிமையில் மிரளுகிறது. இன்னும் தடித்த கம்பி போட்டால் காயம்தான் கூடும். அடைப்பதை நிறுத்திவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

– ஒரு வாசகர், மதுரை